தாண்டிக்குடி தோட்டத்துப் பாதைக்கு சின்ன ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி, வச்சிருக்கவங்க அனுபவம் சொல்லுங்க

மலைத்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல். தாண்டிக்குடி பக்கம் மாமனார் வழியில வந்த நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கு, நடுவுல மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. வாரம் ரெண்டு தடவ போய்ட்டு வரணும். வத்தலக்குண்டுலேந்து மேல ஏறுற ரோடு ஒரு பிரச்சனையும் இல்ல, தார் ரோடுதான். தார் முடிஞ்சு ஒரு சின்ன முனியப்பன் கோயில் வரும், அங்கேந்து உள்ள ரெண்டரை கிலோமீட்டர் மண்பாதை, அதுதான் தலவலி.

வெயில் காலத்துல எதுல வேணா போய்டலாம். ஐப்பசி, கார்த்திகையில பேஞ்சு ஊறிடுச்சுன்னா சொல்லவே வேணாம், நமக்கு காப்பி பழம் பறிக்கற வேலையும் சரியா அப்பதான் ஆரம்பிக்குது. பாதி வழியில ஒரு பலாமரத்து வளைவு இருக்கு, மேலேந்து ஊத்துத் தண்ணி குறுக்க ஓடும், அந்த எடத்துலயே ஏத்தமும் கூட. போன கார்த்திகையில என் பழைய ஹேட்ச்பேக்ல மாமனாரையும் வீட்டுக்காரியையும் உக்காரவச்சு போனேன், வளைவுல முன் சக்கரம் ரெண்டும் சும்மா சுத்துது வண்டி பின்னாடி நழுவுது, பின்னாடி பள்ளம், ஹேண்ட் பிரேக் போட்டும் நிக்கல, கடைசில மாமனார் எறங்கி சாக்கு மடிச்சு டயருக்கு கீழ குடுத்து, அந்த சாக்கும் பின்னாடி பறந்து வந்து அவர் வேட்டியெல்லாம் சேறு. அப்பறம் பக்கத்து தோட்டத்து ஜீப் வந்து கயிறு கட்டி இழுத்தாங்க, வண்டி வந்துச்சு, கூடவே முன் பம்பரும் வந்துச்சு. கயித்த எங்க கட்டணும்னு தெரியாம கட்டினது என் தப்புதான்.

இப்ப வண்டி மாத்தணும். மாசம் 1500 கிலோமீட்டர் ஓடும், அதுல முக்காவாசி திண்டுக்கல் டவுனும் மதுரை ஹைவேயும். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால மஹிந்திரா தார் மாதிரி எட்டி ஏற்ற வண்டி வேணாம். கையில 8 லட்சம் இருக்கு. அதுல பழைய ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கற மாடல்) பாக்கலாமா, இல்ல லோன் போட்டு மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் (அதோட ஆல் வீல் டிரைவ் மாடல்) போலாமா? மாருதி ஜிம்னியும் மனசுல ஓடுது. யூடியூப்ல பாத்தா எல்லாமே மலையேறுது, எல்லாமே சூப்பர்ங்கறான். சொந்தமா ஓட்றவங்க சொன்னா நல்லாருக்கும்.

டீசல்மண்டை:

வணக்கங்ணா, கோயமுத்தூர். எங்கிட்ட 2016 டஸ்டர் ஆல் வீல் டிரைவ் இருக்குது, 2019ல செகண்ட் ஓனரா வாங்கினேன், இப்ப 1,38,000 ஓடியிருக்குது. நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லோணும்னா, நல்ல வண்டி ஒண்ணு கெடைச்சா கண்ண மூடிட்டு எடுக்கலாம். ஆனா அந்த நல்ல வண்டி கெடைக்கறதுதான் கஷ்டமுங்க.

மொதல்ல அதுல என்ன இருக்குதுன்னு சொல்லிர்றேன். 1.5 டீசல், 110 குதிரை, ஆறு கியர். ஃபோர் பை ஃபோர் ஜீப்புல இருக்கற மாதிரி லோ கியர் லீவர் தனியா கெடையாது, அதுக்கு பதிலா ஃபர்ஸ்ட் கியரையே ரொம்ப சின்னதா வச்சுருக்கறாங்க. ஆயிரம் ஆர்பிஎம்ல மணிக்கு ஆறு கிலோமீட்டர் கூட போகாது, மனுசன் நடக்கற வேகம். ஆக்சிலேட்டர தொடாம கிளட்ச்ச முழுசா விட்டுட்டா அதுபாட்டுக்கு ஊந்து ஏறும். டவுன்ல ஃபர்ஸ்ட் போட்டீங்கன்னா உடனே ர்ர்ர்னு கத்தும், நானெல்லாம் பிளாட் ரோட்டுல செகண்ட்லயே எடுத்துருவேன். மொத ஒரு வாரம் எரிச்சலா இருக்கும், அப்பறம் பழகிரும்.

டேஷ்போர்டுல ஒரு திருகு இருக்கும், டூ வீல், ஆட்டோ, லாக்னு. ஹைவேல டூ வீல், மழை வந்தா ஆட்டோ, உங்க பலாமரம் மாதிரி எடத்துக்கு லாக். வளைவுக்கு வர்றதுக்கு *முன்னாடியே* லாக் போட்றோணும், சிக்கினதுக்கப்பறம் போடறது மழை நின்னதுக்கப்பறம் குடை விரிக்கற மாதிரிங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லமாட்டாங்க, ஆல் வீல் டிரைவ் மாடலுக்கு பின் சஸ்பென்ஷனே வேற, ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி எறங்கும். வால்பாறை 40 கொண்டை ஊசியும் எறங்கிட்டு வந்து எங்கம்மா தூங்கிட்டே வந்தாங்க, அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது. அதுக்கு விலை என்னன்னா ஸ்டெப்னி டிக்கிக்குள்ள வந்துருச்சு, சாதா டஸ்டர்ல 475 லிட்டர் எடம், இதுல 410. காப்பி மூட்டை ஏத்தோணும்னா பின் சீட்ட மடிக்கோணும்.

பாக்கப் போகும்போது கவனிக்க வேண்டியது. நாலு டயரும் ஒரே கம்பெனி ஒரே தேய்மானமா இருக்குதான்னு பாருங்க (இத பத்தி வேற யாராச்சும் விவரமா சொல்வாங்க). ஜல்லி கொட்டுன எடமா பாத்து லாக் போட்டு சடார்னு எடுக்கச் சொல்லிட்டு நீங்க கீழ நின்னு பின் சக்கரத்த பாருங்க, கல்ல வாரி எறியோணும். முன்னாடி மட்டும் சுத்தி பின்னாடி உருண்டுட்டு வந்துச்சுன்னா அந்த வண்டி வேண்டாம். கிளட்ச் எந்த எடத்துல புடிக்குதுன்னு பாருங்க, என் வண்டிய முன்ன வச்சிருந்தவர் சேத்துல பாதி கிளட்ச்சுலயே நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருப்பாராட்ட, வாங்குன ஆறாவது மாசம் மாத்துனேன். இஞ்சினுக்கு சாமான் பயமில்ல, அதே டீசல் இஞ்சின் லோகன், வெரிட்டோ, சன்னி, டெர்ரானோன்னு ஊர்பட்ட வண்டில வந்துருக்குது, தெரிஞ்ச மெக்கானிக் எல்லா ஊர்லயும் உண்டு. பின் சக்கரத்துக்கு பவர் கொண்டு போற கப்ளிங், அத ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சு விடற டிஃபரன்ஷியல் மட்டும் அந்த மாடலுக்கே உரியது, அது எங்க கெடைக்கும் என்ன விலைன்னு உங்க மெக்கானிக்கிட்ட கேட்டுட்டு அப்பறம் அட்வான்ஸ் குடுங்க. 2020ல பிஎஸ்6 புகை விதி வந்தப்ப டீசலே நின்னு போச்சு, அதனால நீங்க பாக்கற எல்லாமே அதுக்கு முந்தின வண்டிதான், ஆர்சி 15 வருசம் எப்ப முடியுதுன்னும் கணக்கு போட்டுக்கோங்க.

கோத்தகிரி_குளிர்:

நான் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், 2023ல எடுத்தது, மேனுவல். தேயிலைத் தோட்டத்துக்குத்தான் யூஸ் பண்றேன், அதனால உங்க கேஸுக்கு கிட்ட வரும்.

ப்ரோ, மொதல்ல ஒரு விஷயம் தெளிவாக்கிக்கலாம். பெட்ரோல் 1.5, 103 பிஎஸ், டார்க் (இழுவை) 137 என்எம்முக்கு கொஞ்சம் கம்மி. டஸ்டர் டீசல் ஓட்டின கையோட இதுல ஏறினா தூங்கற மாதிரி இருக்கும். மேட்டுப்பாளையத்துலேந்து நாலு பேரு லக்கேஜோட ஏறுறப்ப செகண்ட் கியர்தான், தேர்ட் போட்டா அடுத்த வளைவுலயே திரும்ப செகண்ட். இது வாங்கறப்பவே தெரிஞ்சு வாங்கினது, அதனால கம்ப்ளைன்ட் இல்ல. மைலேஜ் எனக்கு மலையில 12, 13 வருது, கீழ எறங்கி ஹைவேல மெதுவா போனா 17. உங்க ஓட்டத்துல முக்காவாசி பிளாட்டுன்னா இது நல்லாவே செட் ஆகும்.

இப்ப சேத்து கதைக்கு வர்றேன். ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக்னு நாலு மோட். இங்க ஸ்னோ இல்லன்னாலும் பனி விழுந்து நனைஞ்ச புல்லு மேல அந்த மோட் அருமையா வேலை செய்யுது, ஆக்சிலேட்டர் மிதிச்சா பதமா எடுக்கும். லாக் நெஜமான வழுக்கலுக்கு, வேகம் ஏறினா தானாவே ஸ்னோவுக்கு மாறிக்கும்.

ஆனா ஒரு சூட்சமம் இருக்கு, இது தெரியாம நான் மொத மழைக்கு அரைமணி நேரம் மாட்டிக்கிட்டேன். எங்க தோட்டத்துல மழைத்தண்ணி அரிச்சு பாதை குறுக்க கோணலா ஒரு சால் விழுந்துருக்கு, அதுல எறங்கினா முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்துல அந்தரத்துல நிக்கும். அப்போ அந்த ரெண்டு சக்கரமும் காத்துல சுத்தும், தரையில இருக்கற ரெண்டும் சும்மா இருக்கும். நான் பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தேன், திரும்ப மிதிச்சேன், திரும்ப எடுத்தேன். எங்க தோட்டத்துல வேலை செய்யற அக்கா ஒருத்தங்க ஓரமா நின்னு பாத்துட்டு "தம்பி, ஏன் மிதிச்சு மிதிச்சு விடுற, ஒரே சீரா மிதிச்சுட்டு இரேன்"னாங்க. அவங்களுக்கு கார் ஓட்டத் தெரியாது, ஆனா சொன்னது கரெக்ட். சீரா மிதிச்சுட்டே இருந்தா, சுத்தற சக்கரத்த வண்டியே பிரேக் புடிக்கும், கட்கட்கட்னு ஒரு சத்தம் வரும் உடைஞ்சு போச்சோன்னு தோணும், ரெண்டு செகண்ட் பல்ல கடிச்சுட்டு இருந்தா பவர் தரையில இருக்கற சக்கரத்துக்குப் போய் வண்டி மெல்ல ஏறிடும். அந்த ரெண்டு செகண்ட்தான் எல்லாமே.

இறக்கத்துல வண்டியே பிரேக் புடிச்சு மெதுவா எறங்க ஹில் டிசென்ட் பட்டன் இருக்கு, அம்மாவோட போறீங்கன்னா அது ஒண்ணுக்காகவே காசு குடுக்கலாம்.

ஜிம்னி பத்தி, தம்பி வச்சிருக்கான். சேத்துல நாங்க ரெண்டு பேர் வண்டியையும் சேத்தா கூட அதுகிட்ட நிக்க முடியாது, அது ஜீப் ஜாதி, நாலு சக்கரத்துக்கும் லோ கியர் போடற ஃபோர் லோ லீவரே இருக்கு. ஆனா டிக்கி 208 லிட்டர், பின் சீட்டுல ரெண்டு பேரு, ஹைவேல ஆடும். மதுரைக்கு அடிக்கடி போறேன்னு சொல்றீங்க, அம்மா முட்டி வேற, யோசிச்சுக்கோங்க.

பழைய ஜீப்பு:

நான் பண்ணைக்காடு. தம்பி சொன்ன முனியப்பன் கோயில், பலாமரம் எல்லாம் எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் மிளகு ஏத்தப் போயிருக்கேன் 😀

தம்பி கோவிச்சுக்காதீங்க, ரெண்டரை கிலோமீட்டர் பாதையில உங்களுக்குப் பிரச்சனை ஒரு எடம்தான், அந்த வளைவு. அது எவ்வளவு தூரம் இருக்கும், முப்பது மீட்டர்? நாப்பது? அதுக்காக பத்து லட்சம் இருபது லட்சம் வண்டி மாத்துறீங்க. மொதல்ல அந்த ஊத்துத் தண்ணிய மேல்பக்கமா ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பி விடுங்க. தண்ணி குறுக்க ஓடுறவரைக்கும் எந்த வண்டி வந்தாலும் அங்க மண்ணு தங்காது. அப்பறம் ரெண்டு டயர் போற தடத்துல மட்டும் கருங்கல் பதிச்சு சந்துல ஜல்லி போட்டு இடிச்சு விடுங்க, நடுவுல புல்லு மொளச்சா மொளச்சுட்டுப் போகுது. பாதை பொதுப்பாதைன்னா மேல் தோட்டத்துக்காரங்களையும் கூப்ட்டு வச்சு பேசிட்டு செய்யுங்க, இல்லன்னா தண்ணிய என் பக்கம் திருப்பிட்டான்னு சண்டை வரும்.

எங்கிட்ட இருக்கறது 90கள்ல வந்த ஜீப்பு, பவர் ஸ்டீரிங் கெடையாது ஏசி கெடையாது. ஃபோர் வீல் போடணும்னா சில நேரம் ஒரு மிதி மிதிக்கணும். ஆனா மழைக்காலத்துல நான் மொதல்ல பண்றது காத்து எறக்குறது, 30 இருந்தா 20க்கு கொண்டு வந்துடுவேன், டயர் அப்டியே சப்பையா ஒக்காந்து மண்ண கவ்வும். தார் ரோடு வந்ததும் பம்பு வச்சு ஏத்திக்குவேன். மறந்துட்டு அப்டியே கீழ வத்தலக்குண்டு வரைக்கும் எறங்கிடாதீங்க, வளைவுல டயர் கழண்டுக்கும். சிகரெட் லைட்டர்ல சொருகற பம்பு ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, அதுதான் உங்க மொத ஃபோர் வீல் டிரைவ்.

கயிறு விஷயம், பம்பர்ல ஒரு சின்ன மூடி இருக்கும், அத நெம்பி எடுத்து டூல் கிட்ல இருக்கற கொக்கிய உள்ள இருக்கற மரையில திருகி அதுல கட்டணும். உங்க ஹேட்ச்பேக்லயும் இருந்துருக்கும் தம்பி.

ஸ்பேனர்செட்:

தேனியில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். டயர் விஷயம் மேல ஒருத்தர் சொல்லாம விட்டுட்டார், நான் சொல்றேன்.

இந்த மாதிரி சின்ன எஸ்யூவில வர்ற ஆல் வீல் டிரைவ்னா எல்லா நேரமும் நாலு சக்கரமும் சமமா இழுக்கறது கெடையாது. சாதாரணமா முன் சக்கரம்தான் இழுக்கும். நடுவுல ஒரு நீள ஷாஃப்ட் பின்னாடி போகும், அதுல பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னாடி ஒரு கப்ளிங், அதுக்குள்ள கிளட்ச் பிளேட் மாதிரி அடுக்கு. முன்னாடி வழுக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு தெரிஞ்சா அந்த அடுக்க நெருக்கி பின்னாடிக்கும் பவர் அனுப்பும். அவ்ளோதான் ரகசியம். கிளட்ச் பிளேட்டுன்னாலே சூடாகும். சேத்துல பத்து நிமிஷம் ஒரே எடத்துல சுத்த விட்டீங்கன்னா சூடு தாங்காம தன்ன காப்பாத்திக்க அதுவே டூ வீலுக்கு வந்துடும், விளக்கு எரியும். அப்ப வண்டி ரிப்பேர்னு பதறாதீங்க, நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, ஆறினதும் சரியாயிடும்.

இப்ப டயர். போன வருஷம் ஒரு கஸ்டமர், எந்த வண்டின்னு வேணாம், முன்னாடி ரெண்டு டயர் தேஞ்சு போச்சுன்னு டயர் கடையில ரெண்டு மட்டும் புதுசு போட்டுட்டார். கடைக்காரரும் ஒண்ணும் சொல்லல. டஸ்டர் டயர் அளவு 215/65 16னு வைங்க, புது டயர்ல 8 மில்லி பட்டன் இருக்கும், பழசுல 3 மில்லி. அஞ்சு மில்லிதானேன்னு தோணும். ஆனா ஒரு சுத்துக்கு 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், ஒரு கிலோமீட்டர் ஓடினா 14, 15 மீட்டர் முன்னாடிக்கும் பின்னாடிக்கும் கணக்கு ஒதைக்கும். அது எங்க போய் தீரணும், கப்ளிங்லதான் உரசித் தீரணும். அவர் மதுரை போய்ட்டு வந்து பின்னாடி கருகல் வாசம் வருதுன்னு கொண்டு வந்தார், ஆயில எறக்கினா கறுப்பு மை மாதிரி ஊத்துது. மாத்தினா நாலும் மாத்துங்க, இல்ல 8000, 10000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ முன்ன பின்ன மாத்திப் போட்டு நாலையும் ஒண்ணா தேய விடுங்க.

பின் டிஃபரன்ஷியல் ஆயில் கடைசியா எப்ப மாத்தினதுன்னு பழைய ஓனர கேளுங்க. "அதுல ஆயில் வேற இருக்கா"ன்னு அவர் உங்கள திருப்பிக் கேட்டா வந்த வழியே கெளம்பிடுங்க. வண்டி நின்னு போச்சுன்னா முன் சக்கரத்த மட்டும் தூக்கி இழுத்துட்டுப் போற ரெக்கவரி வண்டி கூப்பிடாதீங்க, பின் சக்கரம் சுத்தினா கப்ளிங் காலி. நாலு சக்கரமும் மேல ஏறுற லாரிதான்.

ஸ்காபரோ மச்சான்:

உங்கட மழைக்கும் எங்கட ஸ்னோவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை எண்டு நினைச்சு எழுதுறன். நான் டொரொன்டோ பக்கம், சுபாரு கிராஸ்ட்ரெக் வச்சிருக்கிறன், அது எந்த நேரமும் நாலு சக்கரமும் இழுக்கிற வகை. முதல் வின்டர் எனக்கு ஒரே புளுகம், சரியான சந்தோசம், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் டிரைவ்வேயில நிண்டு சறுக்க நான் மட்டும் விர்ரெண்டு வெளிக்கிட்டுப் போவன். அந்தப் புளுகத்தில ஒருநாள் இறக்கத்தில சிக்னலைக் கண்டு பிரேக் அடிக்க, வண்டி நிக்கவே இல்லை. அப்பிடியே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துக் கல்லில இடிச்சுத்தான் நிண்டது, ரிம் வளைஞ்சு போச்சு. வண்டியில பிழை இல்லை, நான் வின்டர் டயர் போடாமல் ஓல் சீசன் டயரோட ஓடினனான்.

ஆல் வீல் டிரைவ் வெளிக்கிடத்தான் உதவும் அண்ணை, நிப்பாட்ட உதவாது. எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலயும் பிரேக் இருக்குத்தானே. கியூபெக்கில டிசம்பர் 1இல இருந்து மார்ச் 15 வரைக்கும் வின்டர் டயர் கட்டாயம் எண்டு சட்டமே இருக்கு, ஆல் வீல் டிரைவ் எண்டாலும் விடமாட்டினம். உங்கட வளைவில ஏறிப் போறது சரி, பின்னேரம் மழையில திரும்பி இறங்கி வரேக்க அங்க பள்ளம் எண்டு சொல்லுறியள், அதை யோசிச்சனீங்களோ?

மலைத்தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. ஸ்காபரோ அண்ணன் கேட்டது சுருக்னு பட்டுச்சு, நான் இதுவரைக்கும் ஏறுறத மட்டும்தான் யோசிச்சுட்டு இருந்தேன், மாமனார் மட்டும் எப்பவும் இறங்கறப்ப வண்டிய விட்டு எறங்கி நடந்துதான் வருவாரு, ஏன்னு இப்பதான் புரியுது.

பண்ணைக்காடு அண்ணே, நீங்க சொன்ன மாதிரி போன ஞாயிறு மேல் தோட்டத்துக்காரரயும் கூப்ட்டு பேசி ஆள் வச்சு வாய்க்கால் வெட்டியாச்சு. தண்ணி இப்ப பாதைக்கு வரல. நான் அளந்தும் பாத்தேன், 34 மீட்டர். கருங்கல் அங்கேயே கெடக்கு, பதிக்கற கூலியும் ஜல்லியும்தான். ஆனாலும் வண்டி மாத்தத்தான் போறேன், மீதி ரெண்டு கிலோமீட்டரும் ஒண்ணும் கண்ணாடி ரோடு இல்லையே.

சனிக்கிழமை மதுரையில ஒரு 2015 டஸ்டர் பாத்தேன். ஜல்லியில லாக் போட்டு எடுக்கச் சொல்லி கீழ நின்னேன், பின் சக்கரம் கல்ல வாரி என் முழங்கால்லயே அடிச்சுது, சந்தோஷமா இருந்துச்சு. அப்பறம் குனிஞ்சு பாத்தா மூணு டயர் ஒரு கம்பெனி, நாலாவது வேற. பின் டிஃபரன்ஷியல் ஆயில் கேட்டேன், அவரு மொபைல எடுத்து யாருக்கோ போன் போட்டு "டேய் அந்த வண்டிக்கு பின்னாடி ஆயில் எதாச்சும் இருக்காடா"ன்னு கேட்டாரு. வந்துட்டேன்.

இப்ப பொள்ளாச்சியில ஒண்ணு இருக்குதுங்கறாங்க, ஒரே ஓனர், டீச்சராம். நாலு டயரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கேன். நேத்து ராத்திரி வரைக்கும் ரெண்டுதான் வந்துருக்கு.